சூத்திரம் சரிதான், போட்ட இடம் தப்பு

கேள்வி: வணக்கம் சார். கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். +1 படிக்கிறேன், தமிழ் மீடியம். "0.1 எம் சல்ஃப்யூரிக் அமிலம் 20 மி.லி. உள்ளது. அதை முழுவதும் நடுநிலையாக்க 0.1 எம் சோடியம் ஹைட்ராக்சைடு எத்தனை மி.லி. தேவை?" என்று பரீட்சையில் வந்தது. வி1எம்1 = வி2எம்2 போட்டு 20 என்று எழுதினேன். விடை 40 என்று மொத்த மார்க்கும் போய்விட்டது. ஆனால் +2 படிக்கும் என் அண்ணன் லேபில் வி1என்1 = வி2என்2 என்றுதான் போடுகிறான். அவனுக்கு எல்லாம் சரியாக வருகிறது. எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? இரண்டு கரைசலைக் கலந்து வீழ்படிவு வரும் கணக்கு என்றால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரிவதில்லை. அப்பா மணலியில் காஸ்டிக் டேங்கர் ஓட்டுகிறார். பில்லில் 48 சதவீதம் என்று இருக்கும். அது எத்தனை எம்? ஒரு பாட்டிலில் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி வீட்டில் சோதித்துப் பார்க்கலாமா? இதற்காக டியூஷன் சேர வேண்டுமா?

பதில்: தம்பி, ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக்கை, அதாவது அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை, வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லாதே. காரணம் அந்த 48 சதவீதக் கணக்கைப் போடும்போது உனக்கே தெரியும்.

இப்போது உன் 20க்கு வருவோம். வி1எம்1 = வி2எம்2 நல்ல சூத்திரம்தான், ஆனால் அது நீர்த்தலுக்கு உரியது. அடர்ந்த கரைசலில் தண்ணீர் சேர்க்கிறோம். கனஅளவு (வி) கூடும், செறிவு (எம் என்னும் மோலாரிட்டி, லிட்டருக்கு எத்தனை மோல் என்பது) குறையும், உள்ளே இருக்கும் கரைபொருளின் மோல் மட்டும் அப்படியே இருக்கும். வி1எம்1 என்று பெருக்கினால் வருவது அந்த மோல்தான். வி2எம்2 என்று பெருக்கினாலும் அதே மோல்தான். அதனால் தைரியமாக நடுவில் சமக்குறி போடுகிறோம். உன் கணக்கிலோ இடது பக்கம் அமிலத்தின் மோல், வலது பக்கம் காரத்தின் மோல். இந்த இரண்டும் சமம் என்று உனக்கு யார் சொன்னது? வினைச் சமன்பாட்டைக் கேட்டிருந்தால் அது வேறு சொல்லியிருக்கும்: ஒரு மோல் சல்ஃப்யூரிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு.

இப்படிப் போடு. 20 மி.லி. × 0.1 எம் = 2 மில்லிமோல் அமிலம். அதற்கு வேண்டிய காரம் 4 மில்லிமோல். 4 ÷ 0.1 = 40 மி.லி. அவ்வளவுதான். மி.லி.யை மோலாரிட்டியால் பெருக்கினால் நேராக மில்லிமோல் வரும் என்பதைப் பிடித்துக்கொள். 1000ஆல் வகுத்து, கடைசியில் மறுபடி 1000ஆல் பெருக்கி, நடுவில் ஒரு சைபரைத் தொலைக்கிற வேலை மிச்சம். ஆய்வகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மில்லிமோலில்தான் யோசிப்பார்கள்.

அதே கேள்வியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்திருந்தால் உன் 20 சரியாகியிருக்கும். இந்தச் சூத்திரத்தில் இருக்கும் ஆபத்தே அதுதான். ஒன்றுக்கு ஒன்று என்று வினைபுரியும் இடமெல்லாம் சரியான விடையைக் கொடுத்து நம்ப வைத்துவிடும். நம் பக்கத்து போர் தண்ணீரின் கடினத்தன்மையை எடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள்) வைத்துப் பார்ப்போம். ஒரு கால்சியம் அயனிக்கு ஒரு எடிடிஏ. குடிநீருக்கான இந்தியத் தர அளவில், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் லிட்டருக்கு 600 மி.கி. கடினத்தன்மை வரை விடுகிறார்கள். அந்த எல்லையில் இருக்கும் தண்ணீரை 50 மி.லி. எடுத்தால் அதில் 30 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கடினத்தன்மை இருக்கும். அதன் ஒரு மோல் 100 கிராம், ஆக 0.3 மில்லிமோல். 0.01 எம் எடிடிஏ 30 மி.லி. இறங்கும். இங்கே நீ வி1எம்1 போட்டாலும் அடிபடாது. இப்படிப் பத்துக் கணக்கு சரியாக வந்த பிறகு பதினோராவதாக சல்ஃப்யூரிக் அமிலம் வந்து நிற்கும்.

சரி, அண்ணனுக்கு மட்டும் எப்படி எல்லாமே சரியாக வருகிறது?

அவன் போடுவது மோலாரிட்டி கிடையாது, நார்மாலிட்டி. அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் என்று பார்க்காமல் எத்தனை சமானம் என்று பார்ப்பது. மோல் என்பது பையில் எத்தனை ரூபாய்த் தாள் இருக்கிறது என்று எண்ணுவது. சமானம் என்பது மொத்தம் எவ்வளவு பணம் என்று பார்ப்பது. இரண்டு பேர் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்போது தாள்களின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டியதில்லை, தொகை சமமாக இருந்தால் போதும். சல்ஃப்யூரிக் அமிலம் இரண்டு ஹைட்ரஜன் அயனி தரக்கூடியது, அதனால் 0.1 எம் என்பது 0.2 நார்மல். சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இரண்டும் ஒன்றுதான். இப்போது அண்ணனின் சூத்திரத்தில் போட்டுப் பார்: 20 × 0.2 = வி × 0.1. விடை 40. அந்த 'இரண்டு' எங்கேயும் போகவில்லை. நீ சமன்பாட்டிலிருந்து எடுத்து நடுவில் பெருக்க வேண்டியதை, அவன் செறிவுக்குள்ளேயே முதலில் பெருக்கி வைத்துவிட்டான். என் என்ற எழுத்தை எடுத்துவிட்டு எம் என்று போட்டதும் அந்த 'இரண்டு' விழுந்துவிட்டது, சூத்திரத்தின் முகம் மட்டும் மாறாமல் இருக்கிறது. உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது. லேபில் நார்மாலிட்டி, தாளில் மோலாரிட்டி என்று ஒரே பள்ளியில் இரண்டும் நடக்கும்போது இந்தக் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பள்ளி லேபில் எல்லாக் கரைசலையும் ஏறத்தாழ 0.1 நார்மலில்தான் தயார் செய்து வைப்பார்கள். அதனால் பிப்பெட்டில் 20 எடுத்தால் பியூரெட்டிலும் 20 பக்கத்திலேயே நிற்கும். அண்ணன் போடும் பெர்மாங்கனேட், ஆக்சாலிக் அமிலம் தரம் பார்த்தலை (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பதை) எடுத்துக்கொள். அமிலச் சூழலில் இரண்டு மோல் பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து மோல் ஆக்சாலிக் அமிலம். 0.05 எம் ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி. என்றால் 1 மில்லிமோல். அதற்கு 0.4 மில்லிமோல் பெர்மாங்கனேட் போதும். 0.02 எம் பெர்மாங்கனேட்டில் அது 20 மி.லி. உள்ளே 2:5 என்ற விகிதம் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியே பார்ப்பவனுக்கு இருபதுக்கு இருபது. நார்மாலிட்டியில் இரண்டுமே 0.1. பையன்கள் விகிதத்தைப் பார்க்காமலேயே செய்முறைத் தேர்வில் மார்க் வாங்கிவிட முடியும்.

நார்மாலிட்டியைப் பற்றி என் கருத்தைக் கேட்டால்: தொழிற்சாலைக்கு வசதி, படிக்கிற பையனுக்கு வம்பு. சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயுபிஏசி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது, நியாயமான காரணத்தோடுதான். 0.02 எம் பெர்மாங்கனேட் அமிலச் சூழலில் 0.1 நார்மல், ஏனென்றால் அங்கே ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது. நடுநிலைச் சூழலில் மூன்றுதான் வாங்கும், அங்கே அதே பாட்டில் 0.06 நார்மல். பாட்டிலில் இருப்பது மாறவில்லை, லேபிள் மட்டும் பொய்யாகிவிடுகிறது. மோலாரிட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனாலும் மணலியில் நான் வேலை செய்த ஆய்வகத்தில் நார்மாலிட்டிதான் ஓடியது, இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. அண்ணன் அதைச் செய்துதான் ஆக வேண்டும். நீ தாளில் எழுதும்போது மோல் வழியாகவே போ.

'இரண்டு' விழுந்தால் பரீட்சையில் மார்க் போகும். ஆலையில் என்ன போகும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு தொட்டியில் 1000 லிட்டர் கழிவுநீர். அதில் சோடியம் ஹைட்ராக்சைடு 0.01 எம், பிஹெச் 12 (7 என்றால் நடுநிலை, மேலே போனால் காரம், கீழே போனால் அமிலம்). வெளியே விட வேண்டுமென்றால் பிஹெச் 5.5க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி. சல்ஃப்யூரிக் அமிலம் சேர்த்து நடுநிலையாக்குவார்கள். தொட்டியில் காரம் 1000 × 0.01 = 10 மோல். வேண்டிய அமிலம் அதில் பாதி, 5 மோல். மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 98 கிராம், ஆக 490 கிராம். கேனில் இருப்பது 98 சதவீத அமிலம், அதனால் எடுக்க வேண்டியது 500 கிராம். அடர்த்தி 1.84 என்பதால் அளந்தால் சுமார் 272 மி.லி. ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை டம்ளர்கூட வராது.

இதையே உன் வி1எம்1 = வி2எம்2 வழியில் போட்டால் 10 மோல் அமிலம் என்று வரும். அந்த அமிலத்தில் 5 மோலே காரம் முழுவதையும் தின்றுவிடும், மீதி 5 மோல் அமிலம் தொட்டியில் சும்மா நிற்கும். பிஹெச் 2 பக்கத்தில் வந்துவிடும். காரமாக இருந்த தண்ணீர் இப்போது அமிலம். யாரும் மீட்டரைப் பார்க்காமல் திறந்துவிட்டால் அது பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும். உண்மையில் யாரும் கணக்கை மட்டும் நம்பி மொத்த அமிலத்தையும் ஒரே மூச்சில் ஊற்ற மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் எவ்வளவு அமிலம் எடுத்து வைப்பது, எங்கே மெதுவாக விட ஆரம்பிப்பது என்பதெல்லாம் கணக்கிலிருந்துதான் வருகிறது.

அப்பாவின் பில்லில் இருக்கும் 48 சதவீதம் எடைக்கு எடை சதவீதம். 100 கிராம் கரைசலில் 48 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. மோலாரிட்டிக்கு லிட்டர் வேண்டும், பில்லில் இருப்பதோ எடை. இரண்டுக்கும் நடுவில் பாலம் அடர்த்தி. அது இல்லாமல் எந்தச் சதவீதத்தையும் மோலாரிட்டியாக மாற்ற முடியாது. இதைக் கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள், பிள்ளைகள்தான் கண்டுகொள்ள மாட்டார்கள். 48 சதவீத காஸ்டிக் ஒரு லிட்டர் சுமார் 1.5 கிலோ எடை இருக்கும். அதில் 48 சதவீதம் 720 கிராம். மோலார் நிறை 40. 720 ÷ 40 = 18. அப்பா ஓட்டுவது 18 எம் கரைசல். உன் லேபில் இருக்கும் 0.1 எம்மைப் போல 180 மடங்கு.

இதிலிருந்து 1 எம் கரைசல் ஒரு லிட்டர் செய்ய எத்தனை மி.லி. எடுக்க வேண்டும்? இங்கே தாராளமாக உன் சூத்திரத்தைப் போடு, இது நீர்த்தல். வி × 18 = 1000 × 1. சுமார் 56 மி.லி.

பாட்டில் வேண்டாம் என்றதற்குக் காரணம் இந்த 18தான். கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால் பார்வையே போகலாம். அமிலம் பட்டதைவிட காரம் பட்டது மோசம், அது திசுவைக் கரைத்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் கலக்கும்போது கொதிக்கிற அளவுக்குச் சூடாகும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். அப்பாவுக்கும் சொல்லி வை: மேலே பட்டால் எலுமிச்சம்பழம், வினிகர் என்று தேடக் கூடாது. ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும், கண் என்றால் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

சோதித்துப் பார்க்கும் ஆசை நல்ல ஆசைதான். ஆலையில் அந்த லோடை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று சொல்கிறேன், தாளில் போட்டுப் பார். 1 கிராம் சாம்பிளை எடைபோட்டுத் தண்ணீரில் கரைத்து, 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்ப்போம். 24 மி.லி. இறங்கும். 24 × 0.5 × 4 ÷ 1 = 48 சதவீதம். இதில் 4 எங்கிருந்து வந்தது? 12 மில்லிமோல் அமிலத்துக்கு 12 மில்லிமோல் காரம், ஒரு மில்லிமோல் 0.04 கிராம், சதவீதத்துக்காக 100ஆல் பெருக்கினால் 4. வருடக்கணக்காக 4 போட்டுக்கொண்டே, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ரிட்டயர் ஆனவர்கள் உண்டு. சாம்பிளை மாற்றிச் சோடியம் கார்பனேட் கொடுத்தால் 5.3 என்ற எண்ணுக்கு யாரையாவது தேட வேண்டியதுதான். உனக்கு இப்போதே தெரிந்திருக்கும்: அதன் மோலார் நிறை 106, ஒரு மோலுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும், அதனால் 106இல் பாதி 53.

வீழ்படிவுக் கணக்கில் ஆரம்பிக்கும் இடம் எப்போதும் ஒன்றே. ஒவ்வொரு கரைசலிலும் எத்தனை மில்லிமோல் இருக்கிறது என்று தனித்தனியே எழுது. 0.1 எம் லெட் நைட்ரேட் 50 மி.லி.யும் 0.1 எம் பொட்டாசியம் அயோடைடு 50 மி.லி.யும் கலக்கிறாய் என்று வை. மஞ்சளாக லெட் அயோடைடு விழும். லெட் 5 மில்லிமோல், அயோடைடு 5 மில்லிமோல். பார்க்கச் சமம். ஆனால் ஒரு லெட்டுக்கு இரண்டு அயோடைடு வேண்டும். ஆகவே அயோடைடுதான் முதலில் தீரும், உன் புத்தகத்தில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று இருப்பது அதுதான். 5 மில்லிமோல் அயோடைடு 2.5 மில்லிமோல் லெட்டைத்தான் இழுத்துக்கொண்டு விழும். வீழ்படிவு 2.5 மில்லிமோல், மோலார் நிறை 461, ஆக சுமார் 1.15 கிராம்.

மார்க் போகும் இடம் இதற்கு அடுத்த வரி. "கரைசலில் மீதி இருக்கும் அயனிகளின் செறிவு என்ன?" என்று கேட்பார்கள். மீதி லெட் 2.5 மில்லிமோல். அதை 50ஆல் வகுத்துவிடுவார்கள். கரைசல் இப்போது 100 மி.லி. தம்பி, இரண்டையும் கலந்தாயிற்றே. 2.5 ÷ 100 = 0.025 எம். பொட்டாசியம் வினையில் கலந்துகொள்ளவே இல்லை, 5 மில்லிமோல் அப்படியே இருக்கிறது, 0.05 எம். லெட் நைட்ரேட்டில் இரண்டு நைட்ரேட், அதனால் 10 மில்லிமோல், 0.1 எம். அயோடைடு கிட்டத்தட்ட இல்லை (வீழ்படிவிலிருந்து துளி கரைந்திருக்கும், +1 கணக்கில் அதை விட்டுவிடலாம்).

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இதை ஏன் எல்லா வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. கரைசலுக்கு மொத்தத்தில் மின்சுமை இருக்க முடியாது. நேர்மின்சுமையைக் கூட்டு: லெட்டுக்கு இரண்டு சுமை, 2 × 0.025 = 0.05; பொட்டாசியம் 0.05, மொத்தம் 0.1. எதிர்மின்சுமை: நைட்ரேட் 0.1. சரியாகிவிட்டது. கனஅளவு 100 என்பதை ஒரு அயனிக்கு மட்டும் மறந்திருந்தாலோ, நைட்ரேட்டின் 'இரண்டை' விட்டிருந்தாலோ இந்தக் கூட்டல் பொருந்தாது. பரீட்சையில் அரை நிமிட வேலை, விடைத்தாளைக் கொடுக்கும் முன்பே தப்பு தெரிந்துவிடும்.

சில்லறையாக மார்க் போகும் இடங்களும் சில உண்டு. 1 எம் காஸ்டிக் என்றால் 40 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, மொத்தக் கரைசலை ஒரு லிட்டர் கோடு வரை கொண்டுவருவது. 40 கிராமில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுவது வேறு, அந்த வாக்கியத்தை வைத்தே ஒரு மார்க் கேள்வி கேட்பார்கள். ஆக்சாலிக் அமிலத்துக்கு 90 போடாதே, லேபில் இருக்கும் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறு உண்டு, 126. 250 மி.லி. 0.05 எம் கரைசலுக்கு 1.575 கிராம். அப்புறம், காஸ்டிக்கை இப்படி எடைபோட்டுத் துல்லியமான கரைசல் செய்ய முடியாது. நம் கடல்காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் தராசிலேயே ஈரம் இழுத்துக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடையும் வாங்கும். அதனால்தான் முதலில் ஆக்சாலிக் அமிலத்தைத் திட்டக் கரைசலாக (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசலாக) வைத்து, அதைக்கொண்டு காஸ்டிக்கின் செறிவைக் கண்டுபிடிக்கிறார்கள். அண்ணனிடம் கேள், அவன் செய்முறை நோட்டில் இது இருக்கும்.

டியூஷன் இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். உன் புத்தகத்தில் மோல் கணக்கும் வினைக்கட்டுப்பாட்டுக் காரணியும் முதல் பாடத்தில் வருகின்றன. கரைசல்கள் ஒன்பதாம் பாடம், இரண்டாம் தொகுதியில். நடுவில் அணு அமைப்பு, ஹைட்ரஜன், வெப்ப இயக்கவியல் என்று ஏழு பாடம் ஓடிவிடுகிறது. மோலாரிட்டி வரும்போது மோல் மறந்துபோய், கையில் சூத்திரம் மட்டும் மிஞ்சுகிறது. முதல் பாடத்தையும் ஒன்பதாம் பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து ஒரு வாரம் கணக்குப் போடு. ஒவ்வொரு கணக்கிலும் சமன்பாட்டை எழுதாமல் எண்ணைத் தொடாதே. அதற்குப் பிறகும் சிக்கினால் பள்ளி ஆசிரியரிடம், இந்த வரியில் நிற்கிறேன் சார் என்று காட்டிக் கேள். "எனக்குக் கெமிஸ்ட்ரியே வரவில்லை" என்று போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் கணக்கை நானே தருகிறேன். தெளிந்த சுண்ணாம்பு நீர், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, 0.02 எம், 25 மி.லி. அதை நடுநிலையாக்க 0.05 எம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எவ்வளவு வேண்டும்? 20 மி.லி. வர வேண்டும். 10 வந்தால் பழைய சூத்திரத்தைப் போட்டிருக்கிறாய், 5 வந்தால் 'இரண்டை'ப் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறாய்.